மோதிய வண்டிக்குக் காப்பீடு இல்லையெனில்...
(வணிகவியல் துறை)

மோட்டார் வாகனக் காப்பீடு என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது, சாலையில் போலீசார் கைகாட்டி நிறுத்தும்போது எடுத்து நீட்ட வேண்டிய ஒரு தாள். அந்தத் தாள் யாருடைய நன்மைக்காக எழுதப்பட்டது என்று கேட்டால், வண்டிக்காரரின் நன்மைக்காக என்றே பெரும்பாலோர் விடை கூறுவர். உண்மை வேறு. சட்டம் கட்டாயமாக்கியுள்ள காப்பீடு, அந்த வண்டியால் அடிபடக்கூடிய, பெயரும் முகமும் அறியாத ஒரு வழிப்போக்கரைக் கருதியே தோன்றியது. காப்பீட்டு ஒப்பந்தத்தில் வண்டிக்காரர் முதல் நபர். காப்பீட்டு நிறுவனம் இரண்டாம் நபர். ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத அந்த வழிப்போக்கர் மூன்றாம் நபர். ஆகவேதான் இதனை மூன்றாம் நபர் காப்பீடு என்கிறோம்.

நம் நாட்டில் 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் காப்பீட்டு அத்தியாயம் 1946 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் பொதுச் சாலையில் காப்பீடின்றி வண்டி ஓட்டுவது குற்றம். இன்றுள்ள சட்டப்படி முதல் முறை பிடிபட்டால் 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுமுறை பிடிபட்டால் அபராதம் 4,000 ரூபாய். இருந்தும் நாட்டிலுள்ள வண்டிகளில் பாதிக்கும் மேற்பட்டவை காப்பீடின்றி உள்ளன என்று நாடாளுமன்ற நிதித்துறை நிலைக்குழு 2024இல் கவலை தெரிவித்தது. அப்படியாயின் சாலையில் நம் எதிரே வரும் இரண்டு வண்டிகளில் ஒன்று நம்மை இடித்தால், அதன் பின்னால் பணம் கொடுக்க எந்த நிறுவனமும் இல்லை என்றாகிறது. இடிபட்டவர் அப்போது எங்கே போவார்? காப்பீடு இருந்தும் அதன் தொகை போதாதிருந்தால் மிச்சத்தை யார் தருவார்? இவ்விரு கேள்விகளுக்கும் வெவ்வேறு நாட்டார் வெவ்வேறு விடை கண்டுள்ளனர். அவற்றை ஒப்பிட்டு நோக்குவது வணிகவியல் மாணவர்க்கும், இரு சக்கர வண்டியில் கல்லூரிக்கு வரும் ஏனைய மாணவர்க்கும் பயன்படும்.

இழப்பின் அளவு

முதலில், எவ்வளவு பணம் பற்றிப் பேசுகிறோம் என்பது தெளிவாக வேண்டும். ‘ஏதோ ஐம்பதாயிரம், ஒரு லட்சம்’ என்று நினைப்போர் உளர். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

முப்பத்தைந்து வயதுடைய ஒரு கொத்தனார்; மாத வருமானம் 15,000 ரூபாய். மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான தாய் ஆகிய நால்வர் அவரை நம்பி வாழ்கின்றனர். சாலையைக் கடக்கையில் வண்டி மோதி அவர் இறந்துவிடுகிறார். இத்தகைய வழக்குகளில் இழப்பீட்டைக் கணக்கிடும் முறையை உச்ச நீதிமன்றம் 2009இல் சரளா வர்மா வழக்கிலும், 2017இல் பிரணய் சேத்தி வழக்கிலும் வரையறுத்துத் தந்துள்ளது. நாற்பது வயதுக்குட்பட்டுச் சொந்தத் தொழில் செய்தவராயின், பிற்காலத்தில் வருமானம் உயர்ந்திருக்கும் என்று கருதி நூற்றுக்கு 40 கூட்ட வேண்டும். ஆக மாதம் 21,000; ஆண்டுக்கு 2,52,000. அவர் தம் சொந்தச் செலவுக்கு நான்கில் ஒரு பங்கை எடுத்திருப்பார் என்று கழித்தால் மீதி 1,89,000. முப்பத்தொன்று முதல் முப்பத்தைந்து வயது வரைக்கும் உரிய பெருக்கி எண் 16. பெருக்கினால் 30,24,000 ரூபாய். ஈமச் செலவு, இல்லறத் துணை இழப்பு முதலியன இதற்கு மேல்.

ஒரு சாதாரணக் கொத்தனாரின் குடும்பத்துக்குச் சட்டப்படி சேர வேண்டியது முப்பது லட்சத்துக்கும் அதிகம். மோதியது ஒரு பழைய மோட்டார் சைக்கிள். அதன் சொந்தக்காரரோ மாதம் பன்னிரண்டாயிரம் சம்பளம் வாங்கும் இளைஞர் என்று கொள்ளுங்கள். காப்பீடு இருந்தால் நிறுவனம் முழுத் தொகையையும் கட்டும். இல்லையெனில் தீர்ப்பு நகல் ஒன்றுதான் மிஞ்சும். சில ஆயிரம் ரூபாய் பிரீமியத்தை மிச்சம் பிடித்ததன் விலை இத்தனை பெரிது; அதைக் கொடுப்பவர் பெரும்பாலும் மிச்சம் பிடித்தவர் அல்லர்.

அமெரிக்கர் கண்ட வழி

அமெரிக்காவில் வாகனக் காப்பீட்டுச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். மாசசூசெட்ஸ் மாநிலம் 1927இலேயே காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. இருப்பினும் காப்பீடில்லாதவர் ஒழியவில்லை. அந்நாட்டு இன்ஷூரன்ஸ் ரிசர்ச் கவுன்சில் கணக்கின்படி 2022இல் ஓட்டுநர்களுள் நூற்றுக்குப் பதினான்கு பேர், அதாவது ஏழு பேரில் ஒருவர், காப்பீடில்லாதவர்.

ஆகவே அவர்கள் வேறொரு திசையில் சிந்தித்தனர். ‘எதிராளியிடம் காப்பீடு இருக்குமோ, இராதோ, என்னை நானே காத்துக்கொள்கிறேன்’ என்பது அச்சிந்தனை. ஒருவர் தம் சொந்தப் பாலிசியிலேயே ஒரு பகுதியைச் சேர்த்துக்கொள்கிறார். காப்பீடில்லாத ஒருவர் தவறாக ஓட்டிவந்து அவரை இடித்தால், இடித்தவரின் நிறுவனம் தந்திருக்க வேண்டிய இழப்பீட்டை இவருடைய நிறுவனமே இவருக்குத் தருகிறது. இதனைக் ‘காப்பீடற்ற ஓட்டுநர் காப்பு’ என்று தமிழில் சொல்லலாம். பாலிசி எழுதும் நிறுவனங்கள் இக்காப்பையும் சேர்த்தே தர வேண்டும் என்று 1957இல் முதன்முதலாகச் சட்டம் இயற்றியது நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம். வேடிக்கை என்னவெனில், அதே மாநிலம் எல்லாரும் காப்பீடு எடுத்தே தீர வேண்டும் என்று இன்றுவரை கட்டாயப்படுத்தவில்லை. எடுப்பவர் மட்டும், எடுக்காதவரிடமிருந்தும் தம்மைக் காத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது கேள்வி, தொகை போதாமை பற்றியது. அமெரிக்க மாநிலங்களில் கட்டாயக் காப்பீட்டுக்கு ஒரு குறைந்த அளவே விதிக்கப்பட்டுள்ளது. கலிபோர்னியாவில் 2024 முடியும்வரை அது ஒருவரின் உடற்காயத்துக்கு 15,000 டாலர். 2025 ஜனவரி முதல் 30,000 டாலர். அந்நாட்டு மருத்துவமனைச் செலவை அறிந்தவர், முப்பதாயிரம் டாலர் ஓர் அறுவைச் சிகிச்சைக்கே போதாது என்பதையும் அறிவர். ஆகவே ‘குறைகாப்பீட்டு ஓட்டுநர் காப்பு’ என்று மற்றொன்றைச் சேர்த்தனர்.

இதில் மாணவர் தேர்வுக்குப் படிப்பதுபோல் கூர்ந்து பார்க்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. என் பாலிசியில் இக்காப்பு ஒரு லட்சம் டாலருக்கு இருக்கிறது. என்னை இடித்தவரிடம் முப்பதாயிரம் டாலர் காப்பீடு இருக்கிறது. எனக்கு ஏற்பட்ட இழப்போ இரண்டு லட்சம் டாலர் என்று கொள்வோம். எனக்கு மொத்தம் எவ்வளவு கிடைக்கும்? ஒரு லட்சத்து முப்பதாயிரம் என்று விடை கூறத் தோன்றும். கலிபோர்னியாவில் அவ்விடை தவறு. அங்கே எதிராளி தந்ததை என் காப்பின் அளவிலிருந்து கழித்துவிட்டு, மீதியுள்ள எழுபதாயிரம் வரைதான் என் நிறுவனம் தரும். ஆக மொத்தம் ஒரு லட்சம். என் காப்பும் முப்பதாயிரத்துக்கே இருந்திருப்பின் என் நிறுவனம் தருவது பூஜ்யம். வேறு சில மாநிலங்களில் கழிக்காமல் மேற்கொண்டு சேர்த்துத் தரும் முறை உள்ளது. பெயர் ஒன்று, பொருள் இரண்டு. அங்கு வாழும் உறவினருக்குக் கடிதம் எழுதும் வாய்ப்புள்ளவர்கள் இதை அவர்களுக்கு நினைவூட்டலாம். ஏனெனில் பிரீமியம் குறைய வேண்டும் என்று எல்லாரும் முதலில் குறைத்துக்கொள்வது இந்தப் பகுதியைத்தான்.

இம்முறைக்கு ஒரு குறையும் உண்டு. விபத்து நேர்ந்த மறுநாள் முதல், ஆண்டுதோறும் பிரீமியம் வாங்கிய நிறுவனமே எதிர்க்கட்சியாகிவிடுகிறது. இடித்தவர்மீதுதான் தவறு என்பதையும், காயம் இத்தகையது என்பதையும் தம் நிறுவனத்துக்கே நிரூபிக்க வேண்டியுள்ளது. உடன்பாடு ஏற்படாவிடில் கலிபோர்னியாவில் நடுவர் தீர்ப்புக்குப் போக வேண்டும். இடித்துவிட்டு ஓடிய வண்டி எனில், அது தம் வண்டியையோ தம்மையோ உண்மையில் தொட்டிருக்க வேண்டும் என்றும் அம்மாநிலச் சட்டம் கூறுகிறது. குறுக்கே வந்த வண்டிக்கு ஒதுங்கி மரத்தில் மோதியவருக்கு இந்த வழி அடைபட்டுவிடுகிறது.

பிரிட்டனில் வழி வேறு. அங்கே 1946இல் காப்பீட்டு நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்து ‘மோட்டார் இன்ஷூரர்ஸ் பீரோ’ என்ற பொது அமைப்பை ஏற்படுத்தின. காப்பீடில்லாத வண்டியால் அடிபட்டவருக்கு அந்த அமைப்பு பணம் தரும்; அதன் செலவை நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ளும்; அவை அதைப் பிரீமியத்தில் ஏற்றிவிடும். நேர்மையாகப் பணம் கட்டுவோர் கட்டாதவருக்காகவும் சேர்த்துக் கட்டுகின்றனர் என்ற முணுமுணுப்பு இதனால் உண்டு. ஆயினும் அடிபட்டவர் வெறுங்கையோடு திரும்புவதில்லை.

நம் நாட்டில்

நம் சட்டத்தின் வரலாற்றைப் பார்த்தால், குறைகாப்பீடு என்ற தொல்லை இங்கும் ஒரு காலத்தில் இருந்தது என அறியலாம். 1939ஆம் ஆண்டுச் சட்டப்படி சரக்கு லாரி இடித்தால் காப்பீட்டு நிறுவனத்தின் பொறுப்பு முதலில் 20,000 ரூபாயோடு நின்றது. 1970 முதல் அது 50,000 ஆயிற்று; 1982 அக்டோபர் முதல் 1,50,000 ஆயிற்று. தீர்ப்பாயம் மூன்று லட்சம் விதித்தாலும் நிறுவனம் தன் வரம்பைக் கட்டிவிட்டு விலகிக்கொள்ளும். மீதிக்கு லாரி முதலாளியைத் துரத்த வேண்டும். 1989 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த 1988ஆம் ஆண்டுச் சட்டம் மரணம், உடற்காயம் ஆகியவற்றுக்கு இந்த வரம்பை நீக்கிவிட்டது. இன்று மிகக் குறைந்த மூன்றாம் நபர் பாலிசி இருந்தாலும், தீர்ப்பாயம் விதிக்கும் தொகை முப்பது லட்சமானாலும் மூன்று கோடியானாலும் நிறுவனம் கட்டியாக வேண்டும். அமெரிக்கரைக் குழப்பும் அந்தக் கழித்தல் கணக்கு நமக்கு இல்லை. இது நம் சட்டத்தின் பெருமை என்றே கூறலாம்.

ஆனால் பெருமை அங்கேயே நின்றுவிடுகிறது. மூன்றாம் நபர் என்ற சொல்லுக்குள் யார் யார் அடங்குவர் என்று பார்த்தால், வேறு வகையான குறைகாப்பீடு ஒன்று கண்ணில் படும். மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் அமர்ந்து செல்லும் நண்பர் மூன்றாம் நபரா? சட்டம் கட்டாயமாக்கிய அடிப்படைப் பாலிசி மட்டும் இருந்தால், கட்டணமின்றி ஏறிச் செல்லும் பின்னிருக்கைக்காரர் அதில் அடங்கமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2006இல் திலக் சிங் வழக்கில் தீர்ப்பளித்தது. முழுமைக் காப்பீடு, அதாவது ‘பேக்கேஜ் பாலிசி’ எடுத்திருந்தால் அவரும் அடங்குவார். 2012இல் வந்த பாலகிருஷ்ணன் வழக்கின் தீர்ப்பு இதனைத் தெளிவாக்கிற்று.

இதன் பொருளை மாணவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். கல்லூரி முடிந்ததும் நண்பனைப் பின்னால் ஏற்றிச் செல்கிறீர்கள். ஓட்டும் நீங்கள் கவனக் குறைவால் சறுக்கி விழுகிறீர்கள். நண்பனின் கால் முறிகிறது. வண்டியில் இருப்பது ‘தேர்டு பார்ட்டி’ மட்டும். அவனுடைய பெற்றோர் தொடுக்கும் வழக்கில் பணம் கட்ட வேண்டியவர் வண்டியின் சொந்தக்காரரான உங்கள் தந்தையார். எதிரே வந்த வண்டியின் மீது தவறு எனில் அவ்வண்டியின் நிறுவனத்திடம் கேட்கலாம்; அப்போது உங்கள் நண்பன் அவ்வண்டிக்கு மூன்றாம் நபர். அவ்வண்டிக்கும் காப்பீடு இல்லையெனில் இரு கதவும் அடைபட்டன.

இனிக் காப்பீடே இல்லாத வண்டியைப் பார்ப்போம். ஓட்டுநரிடம் முறையான உரிமம் இல்லை என்பது போன்ற நிபந்தனை மீறல்கள் இருந்தாலும், பாலிசி என்று ஒன்று இருக்குமாயின், நிறுவனம் முதலில் அடிபட்டவருக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று நீதிமன்றங்கள் ஆணையிடுவது வழக்கம். 2004இல் சுவரண் சிங் வழக்கில் இக்கொள்கை விரிவாக ஆராயப்பட்டது. பாலிசியே இல்லாதபோது இந்த வழியும் இல்லை. நிமிடக் கணக்கில்கூட இது தீர்மானமாகும். 1991 டிசம்பர் 10 அன்று பிற்பகல் 2.20க்கு ஒரு விபத்து நடந்தது. அதே நாள் 2.55க்கு அந்த வண்டிக்கு அவசரமாகப் பாலிசி எடுக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. விபத்துக்குப் பின் பிறந்த பாலிசி விபத்தை உள்ளடக்காது என்று நிறுவனம் விடுவிக்கப்பட்டது. முப்பத்தைந்து நிமிட வேறுபாடு!

தீர்ப்பாயத்தின் ஆணையைப் பணமாக்க வழியே இல்லையா எனில், உண்டு. தொகையை நிலவரி பாக்கிபோல் வசூலிக்கும்படி மாவட்ட ஆட்சியருக்குச் சான்றிதழ் அனுப்புமாறு தீர்ப்பாயத்தைக் கேட்கலாம். நிலம் உள்ளவரிடம் அது பலிக்கும். நிலமற்றவரிடம்? அதற்காகவே வந்தது வண்டியை ஏலம்விடும் விதி. தில்லியில் 2008இல் ஏற்பட்ட இவ்விதியை எல்லா மாநிலங்களும் பின்பற்றுமாறு உச்ச நீதிமன்றம் 2018இல் உஷா தேவி வழக்கில் பணித்தது. 2022 ஏப்ரல் முதல் மத்திய விதிகளிலேயே அது இடம்பெற்றுள்ளது. காப்பீடில்லாத வண்டி விபத்துக்குள்ளாகிப் பிடிபட்டால், போதிய ஈடு கொடுக்காதவரை நீதிமன்றம் அதைச் சொந்தக்காரரிடம் விடக்கூடாது. மூன்று மாதத்துக்குப் பின் பொது ஏலத்தில் விற்றுப் பணத்தைத் தீர்ப்பாயத்தில் கட்ட வேண்டும். காவல் நிலைய வாசலில் துருப்பிடித்து, கொடி படர்ந்து கிடக்கும் வண்டிகளைக் காணும்போது இவ்விதி நினைவுக்கு வருகிறது. ஒரு லாரியின் ஏலப் பணம் ஒரு குடும்பத்துக்கு ஓரளவு உதவும். பழைய மோட்டார் சைக்கிளின் ஏலப் பணம் வழக்குச் செலவுக்கே ஆகாது.

சொந்தக்காரர் யார் என்பதிலும் ஒரு கண்ணி உள்ளது. வண்டியை விற்றுவிட்டேன், பணமும் வாங்கிவிட்டேன், வெறும் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன் என்று நிம்மதியாக இருப்போர் நம் ஊர்களில் ஏராளம். ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் உள்ளதோ அவரே சட்டத்தின் கண்ணில் சொந்தக்காரர் என்று 2018இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. நான்கு கை மாறிய வண்டி, காப்பீடு காலாவதியாகி, எங்கோ ஒருவரை இடித்தால், நோட்டீசு முதல் கைக்குத்தான் வரும்.

காப்பீடில்லாமலே சட்டப்படி ஓடும் வண்டிகளும் உண்டு என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். அரசு வாகனங்களுக்கும் அரசுப் போக்குவரத்து நிறுவனங்களுக்கும், அவை இழப்பீட்டுக்கெனத் தனி நிதி வைத்துக்கொண்டால், கட்டாயக் காப்பீட்டிலிருந்து விலக்கு அளிக்கச் சட்டம் இடம் தருகிறது. தமிழ்நாட்டில் ‘நஷ்டஈடு வழங்காததால் அரசுப் பேருந்து ஜப்தி’ என்ற செய்தியைப் படிக்காத ஆண்டே இல்லை. பேருந்து நிலையத்தில் அமீனா வந்து நிற்பார். பயணிகள் இறங்கி வேறு பேருந்து தேடுவர். அந்தச் செய்தியின் பின்னணி இதுதான். அங்கே பணம் கொடுக்க ஆள் உண்டு. கொடுக்கும் நாள்தான் தள்ளிப்போகிறது. காப்பீடில்லாத தனியார் வண்டியால் அடிபட்டவரோடு ஒப்பிட்டால் பேருந்தால் அடிபட்டவர் நிலை மேல்.

ஓடியவனும் நின்றவனும்

இடித்த வண்டி எதுவென்றே தெரியாவிடில் என்ன செய்வது? இதற்கு 1982ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் ஆறுதல் நிதி ஒன்று ஏற்பட்டது. அன்று மரணத்துக்கு 5,000 ரூபாய், கொடுங்காயத்துக்கு 1,000 ரூபாய். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவை 8,500, 2,000 ஆயின. 1994இல் 25,000, 12,500 ஆக உயர்ந்தன. ஏறத்தாழ இருபத்தெட்டு ஆண்டுகள் அப்படியே கிடந்து, 2022 ஏப்ரல் 1 முதல் மரணத்துக்கு இரண்டு லட்சம், கொடுங்காயத்துக்கு ஐம்பதாயிரம் ஆயின.

இங்கே நம் சட்டத்தில் ஒரு முரண் தலைகாட்டுகிறது. இந்த நிதி, இடித்தவர் இன்னார் என்று கண்டுபிடிக்க முடியாத விபத்துக்கு மட்டுமே உரியது. இடித்துவிட்டு இருளில் மறைந்தவனால் இறந்தவரின் குடும்பத்துக்கு இரண்டு லட்சம் உறுதி. இடித்தபின் நின்று, அடிபட்டவரைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றி, தன் பெயரையும் காவல் நிலையத்தில் சொன்ன ஒருவனிடம் காப்பீடும் பணமும் இல்லையெனில், அக்குடும்பத்துக்கு அந்த இரண்டு லட்சமும் இல்லை. கையில் இருப்பது அவன்மீது பெற்ற தீர்ப்பு மட்டும். தவறு யார்மீது என்று நிரூபிக்காமலே ஐந்து லட்சம் கேட்கலாம் என்று 2019ஆம் ஆண்டுத் திருத்தம் வழி செய்துள்ளது உண்மை. ஆனால் அதையும் கொடுக்க வேண்டியவர் வண்டிக்காரர் அல்லது அவருடைய நிறுவனம். நிறுவனம் இல்லாத இடத்தில் மீண்டும் அதே வண்டிக்காரர்தான். பிரிட்டனில் உள்ளதுபோல், காப்பீடில்லாத வண்டியால் அடிபட்டவருக்கும் முழு இழப்பீடு தரும் பொது அமைப்பு ஒன்று இங்கே வர வேண்டும் என்பது என் கருத்து. சிகிச்சைச் செலவைப் பொறுத்தவரை ஓரளவு முன்னேற்றம் ஏற்பட்டுள்ளது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை ஏற்றது. 2025 மே மாதத்தில் மத்திய அரசு அறிவித்த திட்டம் விபத்து நாள் முதல் ஏழு நாட்களுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை ஏற்கிறது. இரண்டிலும் இடித்த வண்டிக்குக் காப்பீடு உண்டா என்று பார்த்து எவரையும் திருப்பி அனுப்புவதில்லை.

தற்காப்பு

அமெரிக்கரின் காப்பீடற்ற ஓட்டுநர் காப்புக்கு இணையான ஒன்று நம் பாலிசிகளில் இல்லை. அதற்குத் தூரத்து உறவு என்று சொல்லத்தக்கது, சொந்தக்கார ஓட்டுநருக்கான தனிநபர் விபத்துக் காப்பு. 2018 முதல் இதன் தொகை 15 லட்சம் ரூபாய். இடித்தவர் யார், தவறு யார்மீது என்ற கேள்விகள் இதில் எழா. மரணமோ கடுமையான நிரந்தர ஊனமோ ஏற்பட்டிருந்தால் போதும். ஆனால் பெயரைக் கவனிக்க வேண்டும்: வண்டியின் சொந்தக்காரரே, செல்லத்தக்க உரிமத்துடன், ஓட்டியிருக்க வேண்டும். தந்தையின் பெயரிலுள்ள வண்டியை ஓட்டிவரும் மகனுக்கு இது பொருந்தாது. அவன் தன் தவறால் விழுந்தால் அவ்வண்டியின் மூன்றாம் நபர் பாலிசியும் உதவாது. இரவல் வாங்கி ஓட்டியவர் சொந்தக்காரரின் இடத்தில் நிற்பவராகவே கருதப்படுவார் என்று 2009இலும் 2020இலும் தீர்ப்புகள் வந்துள்ளன. நம் கல்லூரி வண்டி நிறுத்தத்தில் நிற்கும் வண்டிகளில் எத்தனை மாணவர் பெயரில் உள்ளவை என்று எண்ணினால் விரல்கள் மிஞ்சும்.

இதற்கு மாற்று, பெயர் குறிப்பிடாத பயணிகளுக்கான விபத்துக் காப்பைக் கூடுதல் பிரீமியம் கட்டி வண்டிப் பாலிசியில் சேர்ப்பதும், ஓட்டுபவர் பெயரிலேயே தனியாக விபத்துக் காப்பீடு எடுப்பதும். வங்கிக் கணக்கு உள்ள 18 முதல் 70 வயது வரையுள்ளோர் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் சேரலாம்; ஆண்டு பிரீமியம் 20 ரூபாய், விபத்து மரணத்துக்கு இரண்டு லட்சம். ஒரு முறை தேநீரும் வடையும் உண்ணும் செலவு. முப்பது லட்சம் இழந்த குடும்பத்துக்கு இரண்டு லட்சம் ஈடாகாதுதான். ஆயினும் வழக்கு முடியும்வரை அடுப்பெரிய உதவும்.

காப்பீடு இடையில் அறுந்துபோவதைத் தடுக்க ஒரு முயற்சி நம் மண்ணிலிருந்தே தொடங்கியது. கோவையைச் சேர்ந்த எலும்பு முறிவு மருத்துவர் ச. இராசசேகரன் 2012இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கின் பயனாக, 2018 செப்டம்பர் முதல் புதிய கார்களுக்கு மூன்று ஆண்டும் புதிய இரு சக்கர வண்டிகளுக்கு ஐந்து ஆண்டும் மூன்றாம் நபர் காப்பீடு ஒருசேர எடுக்க வேண்டும் என்றாயிற்று. புது வண்டிகளைப் பற்றிய கவலை இதனால் குறைந்தது. ஆறாம் ஆண்டு முதல் புதுப்பிப்பது சொந்தக்காரர் கையில்தான் உள்ளது.

அதே வழக்கில் 2024 ஜனவரியில் வந்த உத்தரவு, ஓடிப்போன வண்டிகளைப் பற்றியது. 2022இல் நாட்டில் இவ்வகை விபத்துகள் 67,387 நடந்திருக்க, 2022-23ஆம் நிதியாண்டில் இழப்பீடு கேட்டு வந்த மனுக்கள் 205 மட்டுமே. திட்டம் இருப்பதே மக்களுக்குத் தெரியவில்லை. வழக்குப் பதிவாகி ஒரு மாதத்துக்குள் வண்டி கண்டுபிடிக்கப்படாவிடில், இத்திட்டத்தைப் பற்றி அடிபட்டவருக்கோ இறந்தவரின் குடும்பத்தாருக்கோ போலீசார் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று நீதிமன்றம் பணித்தது.

ஆகவே உங்கள் தெருவில் அத்தகைய குடும்பம் ஒன்று இருந்தால் செய்ய வேண்டியது இது: உரிய படிவத்தை நிரப்பி, அடையாளச் சான்று, வங்கிக் கணக்குப் புத்தகத்தின் நகல், மருத்துவமனைச் சீட்டுகள் ஆகியவற்றுடன், விபத்து நடந்த பகுதிக்குரிய கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். முதல் தகவல் அறிக்கையையும் பிரேதப் பரிசோதனை அல்லது காய அறிக்கையையும் பெற்று அவர் ஒரு மாதத்துக்குள் விசாரித்து மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புவார். ஆட்சியர் பதினைந்து நாளில் தொகையை அனுமதிப்பார். பணம் வங்கிக் கணக்கில் சேரும். வழக்கறிஞர் தேவையில்லை. பின்னால் அந்த வண்டி கண்டுபிடிக்கப்பட்டுத் தீர்ப்பாயத்தில் முழு இழப்பீடு கிடைத்தால், முன்னர் வாங்கிய தொகை அதில் கழிக்கப்படும்.